மழை பொய்த்த வருசத்துக் கிரயம்

வெள்ளூரணி, வழி எப்போதும்வென்றான்
14-2-1983

தங்கச்சி வள்ளித்தாய்க்கு,

நல்லாருக்கியான்னு கேட்டு எழுதத்தான் உக்காந்தேன். அப்புறம் நானும் நல்லாருக்கேன்னு எழுத வேண்டிவரும். அந்தப் பொய் எதுக்குன்னு விட்டுட்டேன்.

பொரட்டாசியில ஒரு தடவை, ஐப்பசிக் கடைசியில ஒரு தடவை, ரெண்டு விதைப்பும் மண்ணுக்குள்ளயே செத்துப்போச்சு. நாலு ஏக்கரும் வெடிச்சுக் கெடக்கு. வெடிப்புக்குள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. காளை ரெண்டையும் போன வாரம் வித்துட்டோம். வாங்கினவன் உழவுக்கு வாங்கலை. கேரளா லாரியில ஏத்திட்டான். மயிலக்காளை ஏறமாட்டேன்னு நின்னுது. கண்ணுல மொளகாயத் தேச்சு ஏத்தினான். உங்க அத்தான் பாத்துக்கிட்டே நின்னாவ. வீட்டுக்கு வந்து குளிக்கத் தண்ணி கேட்டாவ. குடிக்கவே ஊத்து தோண்டி மோந்துட்டு வாரோம், அதுல புழு நெளியுது, சேலையில வடிகட்டித்தான் குடிக்கோம். குளிக்க எங்க போக.

சொசைட்டியில வாங்கின கடனுக்கு நோட்டீஸ் வந்துட்டு. சித்திரைக்குள்ள கட்டலேன்னா ஜப்தியாம். உங்க அத்தான் விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டத்துக்கு உடமரம் வெட்டப் போறாவ.

உன்கிட்ட ஒண்ணுதான் கேக்கேன். வேலுத்தாய் எட்டாவது படிக்கா. அவளை ஒரு வருசம் உன் வீட்டுல வச்சு கோவில்பட்டியில படிக்க வைப்பியா? வீட்டு வேலையெல்லாம் செய்வா. ரொம்பத் திங்கமாட்டா.

கோமதியம்மாள்


கோவில்பட்டி
25-2-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் மிகவும் வேதனைப்பட்டது. இங்கேயும் மிளகாய் வத்தல் வரத்து குறைந்துவிட்டது. கமிஷன் கடையில் வியாபாரமே இல்லை என்று எங்கள் வீட்டு அவிய தினமும் சொல்கிறார்கள். ஆனி மாதம் என் நாத்தனாருக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். அந்தச் செலவு வேறு.

வேலுத்தாயைப் பற்றி அவியளிடம் கேட்டேன். கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். மாமியாருக்கும் முட்டுவலி. வயசுப் பிள்ளையை இன்னொரு வீட்டில் விடுவது உனக்கும் சங்கடம்தானே. கடவுள் ஒரு வழி காட்டாமல் போகமாட்டார்.

உங்கள் நிலம் மொத்தம் எத்தனை ஏக்கர், சர்வே நம்பர் என்ன, பட்டா அத்தான் பேரில் இருக்கிறதா, அவர்கள் அப்பா பேரில் இருக்கிறதா? அவிய கேட்டு எழுதச் சொன்னார்கள். ஏதாவது பாங்கில் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கும்.

இருபது ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். பழைய சேலை நாலு இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

உன் தங்கை
வள்ளித்தாய்


வெள்ளூரணி
2-5-1983

வள்ளி,

நீ கேட்டபடி ஏக்கரும் சர்வே நம்பரும் அன்னைக்கே கார்டுல எழுதிப் போட்டேன். பதில் இல்லை. இனிமே பாங்குல சொல்ல வேண்டாம்.

போன மாசம் சொசைட்டி ஆளுங்க வந்தாவ. மூணு பேரு, ஒரு ஜீப்பு. வெண்கலப் பானை, குத்துவிளக்கு, உங்க அத்தான் சைக்கிள், எல்லாத்தையும் தெருவுல எடுத்து வச்சாவ. போதாதுன்னு கதவைக் கழட்டினாவ. கழட்டுறவன் கஷ்டப்படுதான்னு எழுத்தர் என்கிட்ட மோர் கேக்கான். மாடு இல்லாத வீட்டுல மோர் ஏதுன்னேன். அப்ப கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லுங்கன்னு சொல்லிச் சிரிக்கான். அடுத்தவன் வீட்டுக் கதவு நெலையைப் பேத்துக்கிட்டு நிக்கவனுக்குத் தாகம் எடுக்குது பாரு. எனக்குக் கோவம்கூட வரலை. வாயில ஊறுன எச்சியை முழுங்க முடியாம நின்னேன்.

மறுவாரமே பரமசிவன்னு ஒரு தரகர் வந்தாரு. இதுக்கு முன்ன அவரை நாங்க பாத்ததில்லை. ஆனா அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எத்தனை ஏக்கர், பட்டா யாரு பேர்ல, கடன் எம்புட்டுன்னு கேக்கவே இல்லை, அவரே சொல்லுதாரு. நல்ல வருசத்துல ஏக்கர் மூவாயிரத்துக்குக் கேட்ட மண்ணு. ஆயிரம்னாரு. சாயங்காலத்துக்குள்ள சொல்லலேன்னா தொள்ளாயிரம்னாரு. ஓட்டப்பிடாரத்துல பத்திரம் முடிஞ்சுது. கடன் போக மிச்சத்துல ரெண்டு மூடை அரிசி வாங்கினோம். ரேசன் அரிசியைக் கள்ளவிலைக்கு வாங்கினோம். அதுலயும் கல்லு.

உங்க அத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து, கையில இருந்த மையைச் சுவருல தேச்சுக்கிட்டே இருந்தாவ. அன்னையிலிருந்து சரியாப் பேசுறதில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்துது. வாரோம். வராட்டாலும் பேசுவாவ.

கோமதியம்மாள்


வெள்ளூரணி
20-6-1983

வள்ளித்தாய்க்கு,

கல்யாணம் நல்லா நடந்துது. நான் மூணு நாளு அடுப்படியில வெந்ததைச் சொல்லலை. அது தங்கச்சி வீட்டு வேலை, செஞ்சேன்.

உங்க அத்தானை மொதப் பந்தியில இருந்து எழுப்பினதைச் சொல்லுதேன். இலை போட்டு, தண்ணி தெளிச்சு, கூட்டு வச்சாச்சு. உம் மாப்பிள்ளை வந்து தோளைத் தொட்டு, "சகலை, மில்லுக்காரங்க வந்திருக்காவ. நீங்க நம்ம ஆளுதான, பின்னால உக்காருங்க"ன்னாரு. அவிய எழுந்தாவ. அந்த இலையிலயே, அந்தக் கூட்டுலயே இன்னொருத்தரு உக்காந்து சாப்பிட்டாரு. நீ பாயாச வாளியோட அங்கனதான் நின்னே. நான் பாத்தேன்.

பெறவு போகும்போது தூக்குவாளியில மிச்சச் சோத்தைக் கட்டிக் குடுத்தே. எட்டையபுரம் தாண்டுமுன்ன பஸ்ஸுக்குள்ள புளிச்ச நாத்தம். பக்கத்துல இருந்தவ மூக்கைப் பொத்தினா. எறங்கி, ஓடையில கொட்டிட்டு மண்ணைத் தள்ளினேன்.

வேலுத்தாய் சித்திரையில இருந்து தீப்பெட்டியாபீசு பஸ்ஸுல போறா. ஏஜெண்டு அட்வான்ஸ் குடுத்திருக்கான். நாளெல்லாம் குச்சி அடுக்குதா. ராத்திரி சோத்துல கை வச்சா மருந்து வாடை அடிக்குன்னு கரண்டியால சாப்பிடுதா. இதை உனக்கு அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்கலை.

இனிமே கடிதம் போட வேண்டாம். பழைய சேலையும் வேண்டாம்.

கோமதியம்மாள்


கோவில்பட்டி
3-7-1983

அக்காவுக்கு,

ஒரு தூக்குவாளிச் சோற்றுக்காக இத்தனை பேச்சு. வெயிலில் எந்தச் சோறுதான் கெடாது? நல்ல எண்ணத்தில் கொடுத்தேன்.

பிள்ளை இல்லாதவளுக்கு இந்த வீட்டில் எவ்வளவு வாய் உண்டு என்று உனக்குத் தெரியாது. ஒரு படி அரிசி எடுத்தாலும் மாமியார் கண் பின்னாலேயே வருகிறது. சபையில் அவியளை எதிர்த்து நான் என்ன பேச முடியும்? நீ ஏழையானதற்கு நான் பொறுப்பா? மழை பெய்யாததற்கு நானா பொறுப்பு?

எழுத வேண்டாம் என்றாய். இனி எழுதவில்லை.

வள்ளித்தாய்


கோவில்பட்டி
11-10-1983

அக்கா,

மூன்று மாதமாயிற்று. இதைக் கிழிப்பதற்கு முன் முழுக்கப் படித்துவிடு.

ஆயுத பூஜை வருகிறது என்று நேற்று வீட்டை ஒதுங்க வைத்தோம். மாடி அறையில் உள்ள மரப்பெட்டியின் சாவியை அவர் மறந்துபோய் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். தூசி தட்டத் திறந்தேன். மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கட்டு இருந்தது. பத்திரங்கள். மேலே இருந்ததைப் பிரித்தால் என் பெயர். பரமசிவன் என்பவரிடமிருந்து வள்ளித்தாய், கணவர் பெயர் பூவனலிங்கம், கிரயம் வாங்கியது. வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை, மேற்கே சங்கரபாண்டியன் புஞ்சை. நாலு ஏக்கர். உனக்குக் கல்யாணமான வருசம் நீயும் நானும் பருத்தி எடுத்த இடம். அதை மூன்று தடவை படித்தேன்.

மொத்தம் பதினொரு பத்திரம். எல்லாம் இந்தச் சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் நடந்தவை. எல்லாவற்றிலும் பரமசிவன் வாங்கியிருக்கிறான், என் பெயருக்கு மாற்றியிருக்கிறான். வாங்குகிறவள் கையெழுத்து வேண்டாமாம். அதனால் எனக்குத் தெரியவே வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தார். இலையில் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"வெள்ளூரணி நிலம் எம் பேர்ல இருக்கே?"

"ஆமா. வருமான வரிக்காரன் கேட்டா சீதனப் பணத்துல வாங்கினதுன்னு சொல்லணும். மறந்துராத."

"அது எங்க அக்கா நிலம்."

"யாரு இல்லங்கா? நான் வாங்கலேன்னா எவனாவது வாங்கியிருப்பான். இப்ப அக்கா நிலம் தங்கச்சி பேர்ல இருக்கு. வெளிய போகலைல்லா? ரெண்டு மழை பெய்யட்டும், ஏக்கர் நாலாயிரத்துக்குப் போகும்."

அப்புறம், "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்போதும்போலத்தான். கரண்டியில் மொண்டு ஊற்றினேன். அவர் விரலை நக்கிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து போன பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். நேற்றிலிருந்து இந்த வீட்டுச் சோறு இறங்கவில்லை. கட்டியிருக்கிற சேலை நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது. எந்த ஊர் நிலத்தில் எடுத்ததோ என்று தோன்றுகிறது. உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

நிலம் என் பேரில் இருப்பதால் நானே எழுதிக் கொடுக்கலாமாம். பத்திர எழுத்தரிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுவிட்டேன். உன் பேருக்கு எழுதித் தருகிறேன். நீ வர வேண்டும்.

வள்ளி


வெள்ளூரணி
17-10-1983

வள்ளித்தாய்க்கு,

உங்க அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினேன். எழுந்து போய்த் தெருவுல நின்னாவ.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. மாசி மாசம் நீ எழுதின கடிதம் இன்னும் என்கிட்ட இருக்கு. எத்தனை ஏக்கர், பட்டா யாரு பேர்லன்னு உன் கையால எழுதியிருக்கே. எங்களுக்குக் கடன் இருக்கு, சித்திரையில ஜப்தி வருதுன்னு நான் வேற யாருக்கும் எழுதலை. உனக்குத்தான் எழுதினேன்.

நீ தெரிஞ்சு கேட்டியா, தெரியாமக் கேட்டியா? சுத்தி வளைக்காம எழுது. பொய்யா இருந்தா நிலமும் வேண்டாம்.

கோமதியம்மாள்


கோவில்பட்டி
22-10-1983

அக்கா,

மாசியில் நீ எழுதிய கடிதத்தை அவருக்கு நான்தான் உரக்க வாசித்துக் காட்டினேன். உதவி செய்வார் என்று நினைத்துத்தான் வாசித்தேன். ஜப்தி என்று வந்த இடத்தில், "அதைத் திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். ஏக்கர் எத்தனை என்று கேட்டு எழுது என்றார்.

வாங்கப் போகிறார் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் பாங்கில் சொல்வதற்காக என்று நான் எழுதினேனே, அதை அவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அது தெரிந்தா, தெரியாமலா என்று நீயே முடிவு செய்துகொள்.

வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி, பத்து மணிக்கு ஓட்டப்பிடாரம் பத்திர ஆபீசுக்கு அத்தானையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு வா. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கோட்டை பார்க்கப் போவதாக இங்கே சொல்லியிருக்கிறேன். ஸ்டாம்புச் செலவு என்னுடையது. அம்மா எனக்குப் போட்ட வளையலை விற்றுவிட்டேன். அவர் எடுத்துக் கொடுத்த நகை எதையும் தொடவில்லை.

வள்ளி


வெள்ளூரணி
9-1-1984

வள்ளி,

நிலம் கைக்கு வந்த மறுவாரம் மழை பிடிச்சுது. கடன் வாங்காம, கூலிக்கு ஏரு பிடிச்சு, பருத்தியும் ஊடால உளுந்தும் போட்டோம். நல்லா வளந்து நிக்கு. உங்க அத்தான் ரெண்டு வார்த்தை பேசுதாவ.

இதை உனக்கு எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து எப்போதும்வென்றான் கோயில்ல ஒரு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஒங்க தங்கச்சி மாப்பிள்ளை தங்கமான மனுசன். பஞ்சத்துல போன நிலத்தை அவரே கைக்காசு போட்டு மீட்டு மச்சினிச்சிக்குத் தானமாக் குடுத்தாராம்லா"ன்னாரு. கோவில்பட்டியில எல்லாரும் அப்படித்தான் பேசுதாவளாம். வியாபாரிகள் சங்கத் தேர்தல்ல நிக்காராமே. நோட்டீசுலயே வள்ளல்னு போட்டிருக்காம்.

திருடினவனைக்கூட ஒரு பக்கமா நினைச்சு மறந்துரலாம். திருடின பொருளைப் பறிகுடுத்துட்டு, அதையும் மாலையாப் போட்டுக்கிட்டு நிக்கவனை என்ன செய்ய. அந்த அண்ணாச்சிக்கிட்ட, எழுதிக் குடுத்தது எந் தங்கச்சி, அவரு இல்லைன்னு சொன்னேன். அவரு நம்பலை. நன்றி கெட்டவன்னு என்னைப் பாத்துட்டுப் போறாரு.

நீ அந்த வீட்டுலதான் இருக்கே. இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கியா?

கோமதியம்மாள்


புதியம்புத்தூர்
18-2-1984

அக்கா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். என்னோடு எட்டாவது வரை படித்த எஸ்தர்ராணி இங்கே இரண்டு மிசின் போட்டு ரெடிமேட் கவுன் தைக்கிறாள். அவள் வீட்டில் இருக்கிறேன். காஜா எடுத்து, பட்டன் வைக்கிறேன்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்தது தெரிந்ததும் அதைத் தன் தானமாக்கி ஊரெல்லாம் சொன்னது அவன்தான். பந்தல் போட்டு அவனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது என்னையும் மேடையில் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்றேன். அவன் வியர்வை என் தோளில் பட்டது. தேளோ பூரானோ ஊர்வதுபோல இருந்தது.

தேர்தலில் ஜெயித்தான். மறுநாளே மிச்சம் பத்துப் பத்திரத்தையும் எடுத்து வைத்தான். "ஒன் பேர்ல இருந்தா ஒவ்வொண்ணா வாரி விட்டுருவே. அம்மா பேருக்கு மாத்தணும். செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்துப் போடு." வாங்கும்போது தேவைப்படாத என் கையெழுத்து கொடுக்கும்போது தேவைப்படுகிறது.

"போடமாட்டேன்" என்றேன்.

"அப்ப இங்கன இருக்கமாட்டே."

"இருக்கலை."

அவ்வளவுதான் பேச்சு. அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. வெளியே ஆள் இருந்தது. மாமியார்தான், "அந்தப் பட்டுச்சேலையை அவுத்து வச்சுட்டுப் போ" என்றாள். அவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் படுத்திருந்த நேரம் பார்த்து அந்த மஞ்சள் துணிக்கட்டை எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்ல முடியாது, எல்லாம் என் பேரில் இருக்கிறது. வழக்குப் போடுவேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறான். போட்டால் அவன் கோர்ட்டில், இத்தனை பணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லமாட்டான்.

பத்துப் பேரின் பெயரும் ஊரும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் உன் ஊருக்கு மூன்று நாலு மைல் சுற்றளவில்தான். நான் போய்ச் சொன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? அவர்கள் வீட்டுக் கஷ்டமும் இப்படி யாரோ வாசித்துக் காட்டித்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். நீ போய்ச் சொல். மார்ச் 12, திங்கட்கிழமை. பத்திரச் செலவுக்கு மட்டும் என்னிடம் ஒன்றுமில்லை. அதை அவர்கள் கொண்டுவர வேண்டும்.

வள்ளி


வெள்ளூரணி
26-3-1984

வள்ளி,

அன்னைக்கு ஆபீசுல உன்கிட்ட நான் பேசலை. நீ பெஞ்சுல உக்காந்து ஒவ்வொரு பத்திரத்துலயும் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தே. விரலு பூரா ஊசி குத்தின புண்ணு. உழைச்சுப் பழகாத கை. பேசினா அழுதுருவேன்னு இருந்துது. உனக்கு முன்னால அழ எனக்கு இஷ்டமில்லை.

பத்துல ஆறு பேருதான் வந்தாவ, உனக்கே தெரியும். வராத நாலு பேரையும் நான் தேடிப் போகாம இல்லை. ரெண்டு குடும்பம் பம்பாய்க்குப் போயிட்டு, விலாசம் தெரியலை. சோலைன்னு ஒருத்தன் எழுதியிருந்தியே, அவன் போன ஆடியிலயே பால்டாயில் குடிச்சுச் செத்துப்போனான். அவன் பொண்டாட்டி கதவைத் திறந்து, நான் சொன்னதையெல்லாம் நின்னு கேட்டா. "அந்த நிலத்தாலதான அவரு செத்தாரு, எனக்கு எதுக்கு அது"ன்னு சாத்திட்டா. நாலாவது ஆளு, கோவில்பட்டிக்காரரை எதிர்த்துக்கிட்டு ஊர்ல இருக்க முடியாதுன்னுட்டாரு. அந்த நாலு பத்திரத்தையும் பத்திரமா வச்சிரு. சோலை பொண்டாட்டிக்கிட்ட ஒரு வருசம் கழிச்சு மறுபடி போறேன்.

ஏஜெண்டு அட்வான்ஸை உளுந்து வித்துக் கட்டிட்டேன். வேலுத்தாய் நேத்துல இருந்து தீப்பெட்டியாபீசு பஸ்ஸுல போகலை. பள்ளிக்கூடத்துல ஒரு வருசம் பின்னால உக்காரணும்னு வாத்தியார் சொன்னாரு. உக்காருவா.

உன்னைப் பத்தி என் மனசுல இருக்கதையும் எழுதிருதேன். நிலத்தை வாங்கிக்கிட்டேன், எம் பிள்ளை பசிச்சா வாங்கித்தான் ஆகணும். ஆனா அந்தப் பாயாச வாளியோட நீ நின்னதை நினைச்சா இன்னும் குமட்டுது. நீ என் கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சதை நினைச்சா, இன்னொரு கடிதம் எழுதவே கை கூசுது. அது போகலை. எப்பம் போகும்னும் தெரியலை. போயிட்டுன்னு எழுதினா அதுதான் பொய்.

பருத்தி வெடிச்சு நிக்கு. உங்க அத்தானும் நானும் மட்டும் எடுத்துத் தீராது. கூலி குடுக்க ஏலாது, கஞ்சிதான். எஸ்தர்ராணிக்கிட்டச் சொல்லிட்டு, சனிக்கிழமை பஸ்ஸுக்கு வா.

கோமதியம்மாள்